நம் வாயிலில் ஒரு மலை

விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான். கோரமண்டல் விரைவு வண்டியில் இடம் கிடைத்ததா, இல்லையா என்பதே அது. ஊருக்குச் செல்வது நமக்குக் கடமை. பெற்றோரைக் காண வேண்டும். குலதெய்வத்துக்குப் பொங்கலிட வேண்டும். உறவினர் திருமணங்களில் முகம் காட்ட வேண்டும். இவற்றை நாம் குறைகூறப் போவதில்லை. ஆயினும், இம்மாநகரில் முப்பது நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தும், ஓரிரவுப் பயணத்தில் எட்டிவிடக்கூடிய இமயத்தை ஒருமுறையேனும் காலால் மிதித்தறியாத குடும்பங்கள் நம்மிடையே எத்தனை என்று எண்ணும்போது வியப்பே மேலிடுகிறது. சென்னை இங்கிருந்து 1,600 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. டார்ஜிலிங் மலையின் அடிவாரமோ அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குத் தொலைவே. சியால்டாவில் இரவு உணவை முடித்துக்கொண்டு டார்ஜிலிங் மெயிலில் ஏறிப் படுத்தால், மறுநாட் காலை நியூ ஜல்பாய்குரியில் தேநீர் அருந்தலாம்.

“டார்ஜிலிங்கை நாங்கள் பார்த்துவிட்டோமே!” என்று சிலர் கூறுவர். உண்மைதான். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, டைகர் ஹில்லில் நூறு வண்டிகளுக்குப் பின்னே நின்று, பாதாசியா வளைவில் படம் எடுத்துக்கொண்டு, கடைத்தெருவில் கம்பளிச் சால்வை வாங்கித் திரும்பியவர்கள் அவர்கள். மலையை வண்டியின் சன்னல் வழியாகக் கண்டார்கள். மலையில் நடப்பது வேறு. இளைஞர்கள் ‘ட்ரெக்கிங்’ என்று கூறும் அம்மலைநடையைப் பற்றியே இத்திங்கள் சில சொற்கள் கூற விழைகிறோம். அதன் இன்பத்தை மட்டுமன்றி, அதில் நாம் செய்யத்தகாதவற்றையும் கூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.

டார்ஜிலிங் ஒரு காலத்தில் சிக்கிம் அரசுக்கு உட்பட்ட மலைப்பகுதி. 1835-இல் சிக்கிம் மன்னர் அதனைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். அதன்பின் உடல்நலம் தேடி வெள்ளையர் வந்தனர், தேயிலை வந்தது, 1881-இல் இரயிலும் மலையுச்சி வரை வந்து சேர்ந்தது. நம் உதகை இரயிலை அறிந்தவர்கள் இவ்விரண்டையும் ஒப்பிட்டு மகிழலாம். உதகை வண்டி, தண்டவாளங்களின் நடுவேயுள்ள பற்சட்டத்தைப் பற்சக்கரத்தால் பற்றிக்கொண்டு ஏறுகிறது. டார்ஜிலிங் வண்டிக்கு அத்தகைய துணை இல்லை. இரண்டடி அகலமே கொண்ட பாதையில், வட்டமடித்தும், முன்னும் பின்னுமாகச் சென்று மாறியும், அது தன் இரும்புச் சக்கரங்களையே நம்பி 2,258 மீட்டர் உயரத்திலுள்ள கூம் நிலையத்தை அடைகிறது. டார்ஜிலிங் இருப்புப்பாதையை 1999-இலும், நீலகிரி இருப்புப்பாதையை 2005-இலும் யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுச் சின்னங்களாக ஏற்றது.

இம்மாவட்டத்தின் மலைநடைகளுள் தலையாயது சாந்தக்பூ செல்லும் வழியே. மேற்கு வங்காளத்தின் மிக உயர்ந்த இடம் அது. உயரம் 3,636 மீட்டர். டார்ஜிலிங்குக்கு மேற்கே, ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் மானேபஞ்சன் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து ஏறக்குறைய 31 கிலோமீட்டர் நடை. வழி நெடுகிலும் ஒரு கால் இந்தியாவிலும் மறுகால் நேபாளத்திலுமாகச் செல்ல வேண்டியிருக்கும். எல்லைக்கு வேலியில்லை, ஆங்காங்கே கற்றூண்கள் மட்டுமே நிற்கின்றன. எனினும் எல்லைக் காவலர் அடையாளச் சான்றினைக் கேட்பர். புகைப்படத்துடன் கூடிய சான்றினை ஒவ்வொருவரும் கையோடு கொண்டு செல்லுதல் வேண்டும்.

நடையின் முறை இதுவாகும். முதல் நாள் சித்ரே, மேக்மா வழியாக ஏறி டும்லிங்கிலோ டோங்லூவிலோ இராத்தங்கல். இரண்டாம் நாள் கைரிபாஸ் வரை இறங்கி, மீண்டும் ஏறிக் காளிபோக்ரி. கரிய குளம் என்பது அப்பெயரின் பொருள். பௌத்தர்கள் அக்குளத்தைப் புனிதமாகப் போற்றுகின்றனர். மூன்றாம் நாள் ஆறு கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். அதன் முடிவில் சாந்தக்பூ. நான்காம் நாள் குர்தும் வழியாகக் காட்டினூடே இறங்கினால் ஸ்ரீகோலா ஆற்றங்கரை. அதற்கப்பால் ரிம்பிக் என்னும் ஊர். அங்கிருந்து வண்டியில் டார்ஜிலிங் திரும்பலாம்.

சாந்தக்பூவில் வானம் தெளிந்த காலைப்பொழுதில் காணக் கிடைப்பது பெருங்காட்சி. உலகின் மிக உயர்ந்த ஐந்து சிகரங்களுள் நான்கினை அங்கு நின்றவாறே காணலாம். எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு என்பன அவை. கஞ்சன்ஜங்காவும் அதன் சூழ்மலைகளும் சேர்ந்து, மல்லாந்து உறங்கும் புத்தர்போலத் தோன்றுவதால் ‘உறங்கும் புத்தர்’ என்றே மக்கள் அத்தொடரை அழைக்கின்றனர். 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்காவில் 1955-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் முதன்முதலாக ஏறிய பிரித்தானியர் இருவரும், உச்சிக்குச் சில அடிகள் கீழேயே நின்றுவிட்டனர். அம்மலை சிக்கிம் மக்களுக்குத் தெய்வம். அதன் முடியை மிதிப்பதில்லை என்று வாக்களித்துச் சென்றிருந்தனர். கொடுத்த வாக்கைக் காத்தனர். விருந்தினராகச் செல்வோர்க்கு இதனினும் நல்ல பாடம் வேண்டுமோ?

இவ்வழியின் பெரும்பகுதி சிங்கலீலா தேசியப் பூங்காவைச் சார்ந்தது. மூங்கில் இலைகளைத் தின்று மரங்களிலே வாழும் சிவப்புப் பாண்டா இங்குள்ள அரிய விலங்கு. பூனையினும் சற்றே பெரியதான அதனைக் காட்டில் காண்பது நற்பேறு. காணாதவர் வருந்த வேண்டா. டார்ஜிலிங்கிலுள்ள பத்மஜா நாயுடு விலங்குப் பூங்காவில் அதனைப் பேணி வளர்த்து இனம் பெருக்குகின்றனர். அங்குப் பிறந்த சிலவற்றைச் சிங்கலீலாக் காட்டில் விட்டும் இருக்கின்றனர். அப்பூங்காவை அடுத்தே இமயமலையேற்றப் பயிற்சி நிலையம் அமைந்துள்ளது. எவரெஸ்ட் கண்ட டென்சிங்கைப் பயிற்சித் தலைவராகக் கொண்டு 1954-இல் தொடங்கியது அந்நிலையம். நடைக்குப் புறப்படுமுன் நம் பிள்ளைகளுக்கு இவ்விரண்டையும் காட்டுதல் நன்று.

இனி, மலர்களைப் பற்றி. மார்ச்சுத் திங்கள் இறுதியிலிருந்து மே வரையில் இம்மலைச் சரிவுகள் செந்நிறம் பூணும். ரோடோடென்ட்ரான் என்னும் மரம் பூக்கும் காலம் அது. நேபாளியர் அதனை லாலி குராஸ் என்பர். தாவர அறிஞர் ஜோசப் டால்டன் ஹூக்கர் 1848-இல் கல்கத்தாவில் வந்திறங்கி, டார்ஜிலிங் சென்று, இன்று நாம் நடக்கும் டோங்லூ மலையின் மேல் ஏறினார்; இப்பகுதியின் ரோடோடென்ட்ரான் வகைகளைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். இம்மலர் நமக்குப் புதிதன்று என்பதே இங்கு நாம் கூற விரும்பும் செய்தி. நீலகிரியிலும் பழனிமலையிலும் காட்டுப்பூவரசு என்ற பெயரில் நிற்கும் மரம் இதன் நெருங்கிய உறவே. இடையிலுள்ள பரந்த சமவெளியில் இது எங்கும் இல்லை. அங்ஙனமாயின், இமயத்தின் மரம் நீலகிரிக்கு எவ்வாறு சென்றது?

இவ்வகை வினாக்களுக்கு விடை தேடியவர்களுள் ஒருவர் நம் நகரத்தில் பணியாற்றியவர். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் இயக்குநராக இருந்த சுந்தர் லால் ஹோரா, மலையோடைகளில் வாழும் மீன்களை ஆராய்ந்தார். கிழக்கு இமயத்தின் உயிரினங்கள் விந்திய, சாத்புரா மலைத்தொடர்களைப் பாலமாகக் கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலையை அடைந்தன என்று அவர் கருதினார். பிற்கால அறிஞர்கள் சிலர் இதனை ஐயுற்றனர். பண்டைய குளிர் ஊழிகளில், வெப்பம் குறைந்திருந்தபோது, குளிர்நாட்டுச் செடிகள் தாழ்நிலங்களிலும் பரவியிருக்கக்கூடும். வெப்பம் மீண்டபோது அவை மலையுச்சிகளில் ஒதுங்கி நின்றன என்போரும் உளர். எவ்வாறாயினும், இரு மலைகளுக்கும் உறவு உண்டு என்பது உறுதி. இங்கே பிறந்து, நீலகிரியைப் படத்தில் மட்டும் கண்ட நம் பிள்ளைகளுக்கு, அம்மரத்தடியில் நின்று இச்செய்தியைக் கூறிப் பாருங்கள். ஏட்டுக் கல்வியினும் ஆழமாக அது மனத்தில் பதியும்.

இன்பத்தைக் கூறினோம்; இனி இடரைக் கூறுவோம். சென்ற ஆண்டு நாம் சிலர் குழுவாகச் சென்றிருந்தோம். விடுப்புக் குறைவு காரணமாக நம்முள் மூவர் மானேபஞ்சனிலிருந்து வண்டியிலேயே ஒரே நாளில் சாந்தக்பூ ஏறினர். மற்றவர்கள் இரு நாட்களுக்கு முன்னரே நடக்கத் தொடங்கி, அன்று மாலை அங்குச் சேர்ந்தனர். அன்றிரவு வண்டியில் வந்தவர்களுள் மூத்தவர்க்குக் கடுந்தலைவலி, அதனைத் தொடர்ந்து வாந்தி, உறக்கமும் இல்லை. குளிரென்றும் உணவு ஒவ்வாமையென்றும் நாம் எண்ணிச் சுக்குக் காப்பி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். வழிகாட்டியாக வந்த இளைஞரோ முகம் பார்த்த அளவிலேயே, “கீழே இறக்கியாக வேண்டும்” என்றார். விடிந்ததும் வண்டி வந்தது. கைரிபாஸ் வருமுன்னரே அவர்க்குத் தலைவலி தணிந்தது. மானேபஞ்சனில் எழுந்து அமர்ந்து கஞ்சி கேட்டார். நடந்து ஏறிய எவர்க்கும் ஒன்றும் நேரவில்லை. அவ்விளைஞர் உடனில்லையேல் நாம் இன்னொரு நாள் அங்கேயே காத்திருந்திருப்போம். அதன் விளைவை எண்ணவே அஞ்சுகிறோம்.

காரணம் எளிது. நம் நகரம் கடல்மட்டத்தினின்று பத்து மீட்டர் உயரம்கூட இல்லை. சாந்தக்பூவில் காற்றின் அழுத்தம் இங்குள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கே. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. உடல் இதற்குப் பழகச் சில நாட்கள் வேண்டும். ஆகவே 3,000 மீட்டருக்கு மேல், உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துவதே நெறி. தலைவலியும் குமட்டலும் தோன்றினால் மேலே ஏறலாகாது. வளர்ந்தால் உடனே இறங்க வேண்டும். இதயநோய், மூச்சுநோய் உடையோர் மருத்துவரைக் கேளாமல் புறப்படலாகாது. மலைநடையில் வழிகாட்டிகள் ‘பிஸ்தாரை, பிஸ்தாரை’ என்று அடிக்கடி கூறுவர். நேபாளியில் ‘மெல்ல மெல்ல’ என்பது அதன் பொருள். அச்சொல்லைச் சோம்பலாக எண்ணி நகைத்தவர்களுள் நாமும் இருந்தோம். இனி நகைக்க மாட்டோம்.

வழிகாட்டி எதற்கு, வீண்செலவு என்று கணக்குப் பார்ப்போர் நம்மவருள் உண்டு. தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் 2018-ஆம் ஆண்டு மார்ச்சு 11-ஆம் நாள் நிகழ்ந்ததை அவர்கள் நினைவுகூர வேண்டும். நடைக்குச் சென்ற குழுவினர் திரும்பும் வழியில் காட்டுத்தீயிற் சிக்கி, இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் இளம் வயதினர். கோடையின் தொடக்கம், காய்ந்த புல், தீ பரவும் திசை அறியாத கால்கள், இவை ஒன்றுகூடின. அத்துயருக்குப் பின் தமிழ்நாட்டில் விதிகள் வகுக்கப்பட்டன; 2024-இல் வனத்துறையே 40 தடங்களை வரையறுத்து, பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் மக்களை அழைத்துச் செல்லத் தொடங்கியது. சிங்கலீலாவிலும் பதிவுபெற்ற வழிகாட்டியுடன் செல்வதே முறை. அவர்க்கு நாம் கொடுக்கும் கூலி, அவர் குடும்பத்துக்கு உணவு, நமக்கு உயிர்க்காவல்.

செல்லும் காலத்தைப் பற்றியும் கூறியாக வேண்டும். பூசை விடுமுறை வந்தவுடன் மலைக்கு ஓடுவது இந்நகரத்தின் வழக்கம். ஆனால் மலையின் வரலாறு வேறொன்று கூறுகிறது. 1968-ஆம் ஆண்டு அக்டோபர்த் தொடக்கத்தில் பெய்த பெருமழையால் டார்ஜிலிங் மலையில் எங்கும் நிலம் சரிந்தது. தீஸ்தா பெருகி ஜல்பாய்குரி நகரை மூழ்கடித்தது. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாள் சிக்கிமின் தென் லோனாக் பனியேரி உடைந்து, தீஸ்தாவில் பேரழிவு நேர்ந்தது. 2025-ஆம் ஆண்டு அக்டோபர் 4-ஆம் நாளிரவு, விஜயதசமி முடிந்த இரண்டே நாளில், மிரிக் முதலான இடங்களில் மண் சரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தூதியாப் பாலம் இடிந்தது. சுற்றுலா வந்தோர் ஆயிரக்கணக்கில் வழியின்றித் தவித்தனர். மூன்றும் அக்டோபரின் முதல் வாரத்திலேயே நிகழ்ந்தமை காண்க. பருவமழை முற்றும் விலகாத நாட்கள் அவை. மழையைக் குடித்துப் பருத்த மண், இன்னும் ஒரு பெருமழையைத் தாங்காது. ஆகவே நம் பரிந்துரை இது: நவம்பரில் செல்லுங்கள், அல்லது மலர் காண ஏப்ரலில் செல்லுங்கள். நவம்பரில் மலரில்லை, ஆனால் சிகரங்கள் தெளிவாகத் தெரியும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை பூங்கா மூடியிருக்கும்.

மலையில் தங்குமிடம் பெரும்பாலும் அங்குள்ளோர் வீடுகளே. ‘ஹோம்ஸ்டே’ என்று பெயர்ப்பலகை இருக்கும். அடுப்பங்கரைக்கு அருகே அமர்த்தி, சோறும் பருப்பும் உருளைக்கிழங்கும் கடுகுக் கீரையும் சூடாகப் பரிமாறுவர். மரக்கறி உண்போர்க்கு இடர்ப்பாடில்லை. வீட்டு அம்மையாரைத் ‘தீதி’ என்றும், ஆண்மகனைத் ‘தாஜு’ என்றும் அழைக்க வேண்டும். நம் அக்காவும் அண்ணனுமே அவை. நாம் கண்ட ஒரு குறையை மறைக்காமல் கூறுகிறோம். நம் குழுவினர் சிலர், மாலையில் சேர்ந்ததும் குளிக்க ஆளுக்கு இரண்டு வாளி வெந்நீர் கேட்டனர். அவ்வீட்டுப் பெண் முகம் கோணாமல் கொணர்ந்தார். மறுநாட் காலையில்தான், அந்நீரைச் சரிவிலுள்ள ஊற்றினின்று அவர் முதுகிற் சுமந்து வந்ததைக் கண்டோம். விறகும் அவ்வாறே. டார்ஜிலிங் நகரத்திலும் நீர்ப்பஞ்சமே. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில், சிறிய ஊருக்கென அமைத்த சேஞ்சல் ஏரிகளை நம்பியே இன்றைய நெரிசலும் வாழ்கிறது. மூன்று நாள் முகம் கைகால் கழுவியே இருந்தால் நம் ஆசாரம் கெட்டுவிடாது.

கொண்டுசென்ற பொட்டலங்களின் தாளையும் நெகிழிப் புட்டிகளையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். நாம் புளியோதரையைப் பித்தளைத் தூக்கில் எடுத்துச் சென்றோம், இரண்டு நாள் தாங்கியது, குப்பையும் இல்லை.

ஏற இயலாத முதியோரும் சிறு குழந்தைகளும் வீட்டிலிருக்க வேண்டுவதில்லை. 2017-இல் தனி மாவட்டமான காளிம்போங்கில் லாவா, ரிஷியாப் போன்ற ஊர்கள் உள்ளன. அங்கு ஊசியிலை மரங்களுக்கிடையே ஒருமணி, இரண்டு மணி நேரம் நடக்கலாம், உயரமும் அச்சமூட்டுவதன்று. வீட்டின் முன்றிலில் அமர்ந்தவாறே கஞ்சன்ஜங்காவைக் காணலாம்.

இம்மலையில் தேயிலை பறிக்கும் மக்களுள் பெரும்பாலோர், நேபாளத்திலிருந்து பிழைப்புக்காக வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். இலங்கை மலையகத்தில் நம் இனத்தார் பட்ட பாட்டை அறிந்த நமக்கு, அவர்களின் வரலாறு அயலாகத் தோன்றாது. லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும் அளவுக்கு இந்நகரம் நமக்கு இடங்கொடுத்தது. வந்த இடத்தில் பணிவோடும் பயனோடும் வாழக் கற்றதனால்தான் நாம் இங்கு நிலைத்தோம். அதே பண்பை மலைக்கும் எடுத்துச் செல்வோம்.

வரும் நவம்பரில் சங்கத்தின் சார்பில் பதின்மர் அடங்கிய குழுவொன்று செல்லலாம் என்பது நம் எண்ணம். மூன்று திங்கள் முன்னரே நாள்தோறும் காலையில் ஏரிக்கரையை நான்கு முறை சுற்றி நடந்து பழகுவோர்க்கே அதில் இடம். விரும்புவோர் பிள்ளைகளுடன் பெயர் கொடுக்கலாம். ஊருக்குச் செல்லும் பயணம் அடுத்த கோடைக்கு இருக்கட்டும். பாட்டியிடம் கூறுவதற்குப் பிள்ளைகளிடம் அப்போது ஒரு புதிய கதையும் இருக்கும்.